தொப்பிக்குள் வெளியாள்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு, பூசை முடிந்து.

என் அன்பு மகன் கிஷானுக்கு,

மாதாவின் காவலில் நீயும் உன் விமானமும் சுகமாக இருக்க வேண்டி, அப்பா யாகப்பர் எழுதுவது. இங்கே என் வலது கண்ணையும் பாடசாலை வேனின் கிளட்சையும் தவிர மற்ற எல்லாம் சுகம்.

உங்கள் நிறுவனம் வேறொரு கம்பனியின் விமானங்களையும் விமானிகளையும் வாடகைக்கு எடுத்து, தன் பெயரை எழுதிப் பறக்கவிடப் பார்க்கிறது, அதற்கு வரம்பு கேட்டு உங்கள் சங்கம் பேசுகிறது, அடுத்த கிழமை வாக்கெடுப்பு என்று போனில் சொன்னாய். "ஒரு ஃப்ளைட்டக்கூட வெளியாளுக்கு விடாத, ஸ்ட்ரைக்னா ஸ்ட்ரைக்தான்" என்று பக்கத்து வீடு வரை கேட்கக் கத்தினேன். அப்படிக் கத்திய வீரன் இந்தக் கிழமை செய்த காரியத்தைக் கேள். கண்புரை வெட்டிய டாக்டர் ஒரு மாதம் வேன் ஓட்டக் கூடாது என்றார். பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடுவார்களே என்ற பயத்தில், லொறி ஓட்டுகிற திவாகரனைப் பிடித்து, என் தொப்பியை அவன் தலையில் வைத்து, என் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டி அனுப்பினேன். பெயர் என்னுடையது, ஓட்டுவது அவன். உங்கள் கம்பனிக்காரனுக்கு நான்தான் குரு போலிருக்கிறது. முதல் நாளே மடவளைச் சந்தியில் தொப்பி காற்றில் பறக்க, வேனில் வருகிற சின்னவள் இன்ஷிரா வீட்டுக்குப் போய், "உம்மா, வேன் அங்கிளுக்கு முடி மொளச்சிரிக்கி" என்றிருக்கிறாள். என் வழுக்கையை மடவளையில் தெரியாதவர் யார்? மறுநாள் திவாகரன் அவளை ஆண்கள் பாடசாலையில் இறக்கிவிட்டான்.

அன்று பின்னேரமே தாய்மார் எல்லாரும் வந்து நம் கதிரைகளை நிறைத்துவிட்டார்கள். இன்ஷிராவின் உம்மா றிஸானாதான் தலைவி. "அங்கிள், நாங்க உங்கள நம்பித்தானே புள்ளையத் தந்த. தொப்பிய நம்பியா தந்த?" என்றார். அம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தால், அவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே, "நல்லாக் கேளுங்க, எனக்கும் சொல்லாமத்தான் செஞ்சாரு" என்கிறாள். முடிவில், வெளிச் சாரதி என் கண் ஆறும்வரை மட்டும், அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவன் அவனாகவே வர வேண்டும், தொப்பி கூடாது என்று விதித்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நிர்வாகத் தரப்பான எனக்கு ஒரு பிளேன்டீகூடக் கிடைக்கவில்லை.

ஆகவே மகன், அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் சங்கம் பிடித்த பிடியை விடக் கூடாது. உன் வேலை போய்விடுமோ என்று அம்மா அழுகிறாள். எனக்கும் பயம்தான். என் கண்ணில் வருகிற தண்ணீர் மட்டும் சொட்டு மருந்தினால்.

உன் ஆசனத்தில் உன்னைத் தவிர வேறு யாரும் உட்காராதபடி மடு மாதா காப்பாராக.

அன்பு அப்பா,
யாகப்பர்

பி.கு.: இந்த நாலு வரிதான் என் எழுத்து. கண் கூசுவதால் மேலே உள்ளதை நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதினாள். "பிடியை விடக் கூடாது" என்ற இடத்தில் நான் தூங்கிவிட்டேனாம். அழுகை, பயம், ஆசீர்வாதம், கையெழுத்து எல்லாம் அவளுடைய சொந்த வேலை. வாசித்துப் பார்த்தேன், வெளியாள் ஓட்டியும் திருத்த ஒன்றும் இல்லை. அதனால் வெளியாள் அடியோடு வேண்டாம் என்று நிற்காதே மகன், வரம்பு போட்டு விடு. தொப்பியை மட்டும் கொடுத்துவிடாதே.