வாசலில் ஒற்றைக் கண் பூசணி

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால், திருப்பிச் சிரிப்பதற்கு முன் "இவ ஏன் இப்ப சிரிக்கிறா?" என்று யோசிக்கிற ஆள் நான். பிறவிக் குணம். பேருந்து சரியான நேரத்துக்கு வந்து நின்றாலே எனக்குச் சந்தேகம் வரும். (இப்படி ஒருத்தி சுவிஸில் வந்து குடியேறினால் என்ன பாடுபடுவாள் என்று நினைத்துப் பாருங்கள்.)

2013இல் நாங்கள் கூர் நகரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். மகன் கவினுக்கு மூன்று வயது. மகள் ஆதிரை கைக்குழந்தை. அந்த ஒக்டோபர் முடிகிற நேரம் பிள்ளை ஓயாமல் அழத் தொடங்கினாள். பாலை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பினாள். டொக்டர் காதுக்குள் பார்த்தார், வயிற்றைத் தடவினார், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒன்றுமில்லாததற்கு ஒரு பிள்ளை இப்படி வீறிடுமா? போட்ட உடுப்பெல்லாம் நாளுக்கு நாள் தொளதொளத்துப் போயின.

கண்ணூறு. வேறென்ன? யாருடைய கண் என்பதும் எனக்குத் தெரியும். கீழ்வீட்டு மனுசி. எழுபது வயது, தனி ஆள். படியில் பிள்ளை வண்டிலை மறித்து, "அடடா, என்ன அழகான கண்கள்!" என்று ஜெர்மனில் உருகியவள். அத்தோடு விட்டாளா? கன்னத்தில் நான் வைத்திருந்த கறுப்புப் பொட்டை அழுக்கென்று நினைத்து, கைலேஞ்சியால் துடைக்கவும் பார்த்தாள். கண் படாமல் இருக்க வைத்த பொட்டையே துடைக்க வருகிறாள் என்றால், அது சும்மா வந்த கையா?

"இஞ்சேருங்கோ, இனி அந்த மனுசியைப் பிள்ளையளுக்குக் கிட்ட விடக்கூடாது" என்று கணவரிடம் சொன்னேன். அவருக்கு ஹோட்டலில் சமையல் வேலை.

"உமக்கு ஆரிலதான் சந்தேகமில்லை?"

"உங்களிலயும்தான் இருக்கு."

மாதக் கடைசி நாள். மத்தியானம் பிள்ளையோடு நானும் அயர்ந்துவிட்டேன். எழும்பிப் பார்த்தால், கணவர் பின்னேர வேலைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். கவின் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தான். (இதைவிடச் சந்தேகப்பட வேறு என்ன வேண்டும்?) அவன் நகக்கண்ணுக்குள் செம்மஞ்சளாக ஏதோ இருந்தது.

"உது என்ன?"

"கரட்" என்றார் கணவர், நிமிர்ந்து பார்க்காமலே. எங்கள் வீட்டில் அன்று கரட்டே இல்லை.

அவர் போன பிறகு குப்பை போடக் கதவைத் திறந்தேன். வாசலுக்கு நடுவில் ஒரு பூசணிக்காய் இருந்தது. உள்ளே எல்லாம் வழித்தெடுத்து, மேலே மூடி மாதிரி வெட்டி, ஒரு மூஞ்சையும் குடைந்திருந்தது. ஒரு கண் கோழிமுட்டை அளவு, மற்றது வெறும் கீறல். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. உள்ளே மெழுகுதிரி வேறு.

ஹலோவீன் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமலில்லை. கடைகளில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது கடைக்காரரின் பாடு. எங்கள் ஆட்கள் பூசணிக்காயைக் குடைந்து குங்குமம் போட்டு, தலையைச் சுற்றிச் சந்தியில் உடைப்பது கழிப்புக் கழிப்பதற்கு. மிதித்தவனுக்கு எல்லாம் ஒட்டிவிடும் என்று அந்தத் துண்டுகளை நூறடி விலத்திப் போகிற சனம் நாங்கள். கீழ்வீட்டு மனுசி போன கிழமை இரண்டு பூசணி தூக்கிக்கொண்டு கீழ்ப்படியில் ஏறி வந்ததைக் கதவுத் துவாரத்தால் கண்ணால் கண்டவள் நான். தன் வீட்டுப் பீடையைக் கழித்து என் வாசலில் வைத்துவிட்டாளே, பாதகத்தி!

"கவின், இதை ஆர் வச்சது?"

அவன் வாயில் விரலை வைத்தான். "சொல்லக்கூடாது. அப்பா சொன்னவர்."

ஐயோ, இவரும் உடந்தையா! தொலைபேசி எடுத்தேன். அடுப்படியில் நிற்கிற மனுசன் எடுக்கவில்லை. பிள்ளை மறுபடி வீறிட்டாள். அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை.

பூசணிக்குள் குங்குமம், செத்தல் மிளகாய், உப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். அதை வண்டிலில் இருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்து, கவினைக் கையில் பிடித்துக்கொண்டு சந்திக்கு இறங்கினேன். நைற்றிக்கு மேலே கணவரின் குளிர் ஜாக்கெட். தலைமயிர் விரித்தது விரித்தபடி. இருட்டத் தொடங்கியிருந்தது.

"அம்மா, இதை எல்லாருக்கும் காட்டப் போறமோ?" என்று கவின் துள்ளிக்கொண்டு வந்தான்.

சந்தியில் பூசணியை இறக்கி, பிள்ளையை வண்டிலில் கிடத்தினேன். மூடியில் கற்பூரம் கொளுத்தி, இரண்டு பேரையும் மூன்று தரம் சுற்றினேன். "கண்டார் கண்ணும் போக, கீழ்வீட்டுக் கண்ணும் போக!" என்று கத்தி, தலைக்கு மேலே தூக்கி ஒரே போடு. பூசணி சிதறியது. தெருவெல்லாம் குங்குமம்.

கைதட்டல் கேட்டது.

திரும்பினேன். சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், ஒரு குட்டி டிராகுலா என்று பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பைகளோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். "நொக்மால்! நொக்மால்!" என்று கத்தினார்கள். (இன்னொருக்கா உடைக்கட்டாம்.) அவர்களுக்குப் பின்னால், கையில் சின்ன வௌவால் சிறகுகளோடு கீழ்வீட்டு மனுசி.

அப்போதுதான் கவின் அழுதான். "என்ர பூசணி! நான் செய்தது! அம்மாக்கு எண்டு செய்தனான்!"

மனுசி குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். அதில் அந்தப் பெரிய கண் இருந்தது. "மத்தியானம் உன் கணவர் இவனை என்னிடம் விட்டார்" என்றாள். "கத்தியை நான் பிடித்தேன், மூஞ்சையை இவன் கீறினான். ஒரு கண் பெரிதாக இருக்க வேண்டுமாம். இது அம்மாவாம், கதவுத் துவாரத்தால் பார்க்கிற அம்மா."

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. நான் இவ்வளவு நேரமும் பயந்து நடுங்கியது என்னுடைய மூஞ்சைக்கு!

"பிள்ளை அழுகிறாள். கெட்ட கண்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

"யாருடைய கண்?"

நான் அவளையே பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. வண்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "தூக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? பிள்ளையைக் கொடுத்தேன். ஆதிரை அவள் விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள்.

"ஔவா!" என்று மனுசி துள்ளினாள். பிறகு சிரித்தாள். "வா, தொட்டுப் பார்."

கீழ் முரசில் அரிசிக் குறுணல் மாதிரி ஒரு பல்.

அவள் தன் வாசலில் இருந்த மற்றப் பூசணியைக் கவினுக்குக் கொடுத்து, சிறகையும் கட்டிவிட்டாள். எல்லோருமாக வீடு வீடாகப் போனோம். வேஷம் கட்டாத நானும் ஆதிரையும்தான் அன்றைக்கு நல்ல வேஷமாம். என் குங்குமக் கையையும் பிள்ளையின் கறுப்புப் பொட்டையும் எல்லோரும் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு தெருவைக் கூட்டி, துண்டுகளை மரக்கறிக் கழிவுத் தொட்டியில் போட்டேன். கண்ணூறைக்கூடத் தரம் பிரித்துப் போட வேண்டிய நாடு இது.

மனுசி இன்றைக்கும் கீழ்வீட்டில்தான் இருக்கிறா. ஒவ்வொரு வருஷமும் இரண்டு பூசணி வாங்குவா; ஒன்று வாசலுக்கு, ஒன்று நான் சந்தியில் உடைக்க. தெருப் பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்பார்கள். குரல் உடைந்த பிறகும் கவின் அதே மூஞ்சையைத்தான் வெட்டுகிறான். (அழுகை நின்றது பல் வந்ததாலா, பூசணி உடைத்ததாலா என்று எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. வெளியே சொல்வதில்லை.)

இப்போதும் மணி அடித்தால் நான் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்து, மற்றதைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்பேன். பின்னாலிருந்து ஆதிரை கேட்பாள்:

"அம்மா, மெழுகுதிரி கொளுத்தட்டோ?"