ஏழு லீவர் பூட்டும் ஒரு டப்பா பால்பவுடரும்

பூட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்மானம் செய்துவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் அடங்கிப்போவதில்லை. அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் தன் டீயில் என்ன ஊற்றிக்கொள்வது என்பதைத் தானே முடிவு செய்வான். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சமையலறைக்குப் போய், மனைவி நீட்டிய வேர்க்கடலைப்பால் டீயை மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார். தீர்மானம் வேறு, காலை டீ வேறு.

விவகாரம் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. மனைவிக்குப் பால் குடித்தால் வயிறு ஊதிக்கொண்டது. டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள், வயிறு அடங்கியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. தயிர் போயிற்று, வெண்ணெய் போயிற்று. கொஞ்ச நாளில் முட்டையும் கறியும் போயின. ஒரு அடுப்பில் இரண்டு சமையல் தன்னால் ஆகாது, இனிமேல் செடி கொடியில் வருவது மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள்.

அவள் பத்து நாளில் அலுத்துப்போவாள் என்று பூட்டுக்காரர் காத்திருந்தார். அவள் அலுக்கவில்லை. அதைவிடக் கொடுமை, சாப்பாடு நன்றாக இருந்தது. கடலையை ஊறவைத்துத் தோலுரித்து அரைத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சினால் பால். வடிகட்டின சக்கையை வீணாக்காமல் உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டிப் பொரித்துவிடுவாள். கனிந்து கறுத்துப்போய்ப் பழக்கடைக்காரர் அரை விலைக்குத் தள்ளிவிடுகிற வாழைப்பழத்தை வெட்டி ஃப்ரீசரில் வைத்து, கோகோ தூளோடு சேர்த்து அடித்தால் ஐஸ்கிரீம். கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை மற்ற வீடுகளில் கீழே கொட்டுவார்கள். இவள் அதை நுரை வர அடித்து, முட்டையே இல்லாமல் கேக் செய்தாள். கேக் உப்பியது. பூட்டுக்காரர் மனசு சுருங்கியது. இரண்டு துண்டு சாப்பிட்டார். சாப்பிட வைத்ததையும் அவள் மேல் குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு பட்டியல் உண்டு. எழுதி வைத்தது இல்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எல்லாம் மனசுக்குள் தேதி வாரியாக இருக்கும். மச்சான் துளைபோடும் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு போனது, நாலு வருஷம். அவருடைய நல்ல ஸ்க்ரூடிரைவரால் மனைவி பெயின்ட் டப்பாவை நெம்பித் திறந்தது, ஒன்பது வருஷம். எதுவும் இன்றுவரை அழியவில்லை.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருப்பக்கம் ஒரு ஜன்னல், ஒரு மேசை, சாவி வெட்டும் மெஷின், இரும்புத்தூள். தொழிலில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி செய்வார். கல்யாணமான புதிதில் ஒற்றைச் சாவியைத் தொலைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் அரை நாள் வாசலில் மழையில் நின்றார்கள். பூட்டுக்காரன் வீட்டிலேயே பூட்டைத் திறக்க முடியவில்லை என்று தெருவே வேடிக்கை பார்த்தது. அன்றுமுதல் வீட்டில் எந்தப் பூட்டு வந்தாலும் ஒரு சாவி அவர் பையில், மற்றது சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணிப்பலகையில். கேட், பீரோ, மொட்டைமாடி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் எண் அடித்த தகர வில்லை கட்டி வரிசையாகத் தொங்கும்.

தீர்மானம் செய்த அன்று மதியமே கடைக்குப் போய்ப் பெரிய டப்பாவில் பால்பவுடர் வாங்கினார். சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீடு வந்தார். ஐந்து மாதத்தில் வயிறு போட்டிருப்பதாகப் பக்கத்து வீட்டில் நினைத்திருப்பார்கள். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத இரும்புப்பெட்டி ஒன்று மேசைக்கு அடியில் கிடந்தது. டப்பா அதற்குள் போயிற்று. பூட்டுதான் பிரச்சினை. சாதாரணப் பூட்டை மனைவி ஹேர்பின்னால் திறந்துவிடுவாள். கற்றுக்கொடுத்ததே அவர்தான். அதனால் மூன்று நாள் உட்கார்ந்து உள்ளே ஏழு லீவர் தகடு வைத்த பூட்டு ஒன்று செய்தார்.

மனைவி வாசல் பெருக்கும்போது எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குங்க இவ்வளவு பெரிய பூட்டு?"

"ஒரு பார்ட்டிக்கு."

"பணக்காரரா?"

"இல்ல. வீட்ல நிம்மதி இல்லாதவரு."

"பாவம்," என்று சொல்லிவிட்டுப் பெருக்கிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பூட்டுக்காரர் ராஜா மாதிரி வாழ்ந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மனைவி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போவாள். படியில் அவள் காலடிச் சத்தம் ஓய்ந்ததும் பட்டறையில் கெட்டில் கொதிக்கும். சாவி திரும்பும். ஏழு லீவரும் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தமே அவருக்குப் பாதி டீ குடித்த மாதிரி. மூன்று ஸ்பூன் பவுடர். முதல் வாய்க்குக் கண்ணை மூடிக்கொள்வார்.

போகப்போக டம்ளருக்கு அடியில் கொஞ்சம் வண்டல் தங்கியது. நல்ல சரக்கு என்றால் கொஞ்சம் தங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார். அத்தனை ஸ்பூன் எடுத்தும் டப்பா குறையாமல் இருந்தது. இந்தக் காலத்திலும் இப்படி அமுக்கி நிரப்பிக் கொடுக்கிற கம்பெனி இருக்கிறதே என்று மெச்சினார்.

ரகசியத்தோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பார். நாக்கு நிற்கவில்லை. புதன்கிழமை மச்சான் வந்தார். பஸ் டிரைவர், மனைவிக்குத் தம்பி. துளைபோடும் மெஷின் வரவில்லை, அவர் மட்டும்தான் வந்தார். அக்கா கேக் வெட்டி வைத்தாள்.

"மாமா, இதுல முட்டை இல்ல, பால் இல்லன்னா எங்க டிப்போவுல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"நான் நம்புறேன். தொண்டையிலயே நிக்குது."

"மூணாவது துண்டு மாமா அது."

"நிக்குதான்னு பாக்கத்தான் திரும்பத் திரும்பச் சாப்பிடுறேன்."

மச்சான் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பூட்டுக்காரரைக் கிளப்பிவிட்டது. உன் அக்கா ஊரையே ஏமாற்றலாம், என் நாக்கை ஏமாற்ற முடியாது, எது பால், எது கடலைத்தண்ணீர் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன் என்றார். மனைவி கேக் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"சொல்லிட்டா?"

"சொல்லிட்டா மறுநாளே இந்த அடுப்புல பால் காயணும். தினமும்."

"சொல்லலைன்னா?"

அப்படி ஒன்று நடக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை. மச்சான் உதவிக்கு வந்தார். தோற்றால் தினம் காலையில் கடலை உரித்து அரைத்துப் பால் எடுக்கிற வேலை மாமாவுடையது என்றார். பூட்டுக்காரர் இதையும் தேதியோடு பட்டியலில் ஏற்றினார்.

"பரீட்சைக்குப் பால் வேணுமே. நீதான் வாங்க மாட்டியே."

"நான் வாங்க மாட்டேன். அது பாட்டுக்கு வரும்," என்றாள் மனைவி.

தம்பியைவிட்டு வாங்கிவரச் சொல்வாள் என்று பூட்டுக்காரர் நினைத்தார். எப்படியோ, ஆறு மாதம் கழித்து இந்தச் சமையலறைக்குள் பால் நுழையப்போகிறது. பாதி ஜெயித்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. மத்தியானம் மனைவி அடுப்படியில் இருந்தபோது, அவர் பட்டறைக்கு நழுவினார். பெட்டியைத் திறந்து, ஒரு ஸ்பூன் பவுடரை அப்படியே நாக்கில் போட்டுக்கொண்டார். பரீட்சைக்குப் போகிறவன் கடைசியாக ஒருமுறை புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி. ருசியை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மேசையில் இரண்டு கிண்ணம் புட்டிங். இரண்டிலும் ஒரே அளவு சோளமாவு, ஒரே அளவு சர்க்கரை. ஒன்றில் மட்டும் பால். மச்சான் துண்டால் அவர் கண்ணைக் கட்டினார். முதல் ஸ்பூன் வாய்க்குள் போனது. பூட்டுக்காரர் முகம் சுளித்தார். என்னவோ ஒரு வாடை, ஒரு வழவழப்பு. இரண்டாவது ஸ்பூன் போனது. நாலு மணி, கெட்டில், லீவர் விழும் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்தன.

"இதான் பால். குழந்தைகூடச் சொல்லும்."

"அப்ப முதல்ல குடுத்தது?"

"பாத்திரம் கழுவுன தண்ணி. அதைச் சாப்பிட்டு ஒரு மனுஷன் ஆறு மாசம் உயிரோட இருக்கான்னா அது அவனோட தைரியம்."

"முடிவா சொல்றீங்களா மாமா?"

"கல்லுல வெட்டி வை."

துண்டை அவிழ்த்தார்கள். மனைவி அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேசையில் வைத்தாள். முக்கால் ஜாடிக்கு வெள்ளைப் பவுடர்.

"முதல் கிண்ணம்தாங்க பால். இந்தப் பவுடர்ல செஞ்சது. உங்க டப்பாவுல இருந்ததுதான்."

"எந்த டப்பா?" என்றார் பூட்டுக்காரர். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"பட்டறை மேசைக்கு அடியில."

அவள் சொன்னதில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சமையல் குறிப்பு சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வறுத்த கடலையையும் ஓட்ஸையும் பொடி செய்து, இரண்டு தரம் துணியில் சலித்து, கொஞ்சம் சர்க்கரை சேர்த்தாளாம். முதல் வாரம் டப்பாவில் கால்வாசியை மாற்றினாள். அடுத்த வாரம் பாதி. கடைசிப் பத்து நாளாக முழுவதும் அதுதான். குறையக் குறைய நிரப்பியும் வைத்தாள். இரண்டாவது கிண்ணம் அந்தப் பொடியில் செய்தது.

மச்சான் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

பூட்டுக்காரருக்கு நாக்குப் போனது போகட்டும். தொழிலே போய்விட்டதே.

"ஏழு லீவர்," என்றார். "அதை எதைப் போட்டுத் திறந்த?"

"ஹேர்பின் போட்டுப் பாத்தேன். அசையவே இல்லைங்க. நல்ல பூட்டு."

அவருக்கு ஒரு நொடி உயிர் வந்தது. "அப்புறம்?"

மனைவி சமையலறைக் கதவைக் கொஞ்சம் இழுத்துக் காட்டினாள். ஆணிப்பலகையில் கடைசி ஆணியில் புதுச்சாவி ஒன்று தொங்கியது. அதற்கும் ஒரு தகர வில்லை. வில்லையில் அவர் கையாலேயே அடித்த எண்.

"பூட்டு முடிச்ச அன்னிக்கே நீங்களே கொண்டாந்து மாட்டிட்டீங்க. டீ ஆச்சான்னு கேட்டுக்கிட்டே மாட்டுனீங்க."

பூட்டுக்காரர் வில்லையைத் திருப்பிப் பார்த்தார். பட்டியலில் இதை யார் பெயரில் ஏற்றுவது என்று யோசித்தார். மனைவி எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை, மாட்டியிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள். மச்சான் கண் கட்டினதோடு சரி. கடைசியில் சுற்றிச் சுற்றி, சாவியை மாட்டிய தன் வலது கையில்தான் வந்து நின்றார். அந்தக் கையோடு ஜென்மத்துக்கும் பேசக் கூடாது என்றுதான் இருந்தது. ஆனால் மனைவி அதற்குள் அரைப்படி கடலையை ஊறப்போட்டிருந்தாள். காலையில் தோலுரிக்க அந்தக் கை வேண்டியிருந்தது.