முக்காடு போட்ட சாமந்தி

மூன்று பெயர்ப்பலகைகளையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார் பிரஷ்காரர். கடையில் எழுதி வாங்கிய எழுத்தெல்லாம் அழகாகத்தான் வந்திருந்தது. சாமந்திதான் ஒன்றே ஒன்று.

பூப்பண்ணையில் எல்லோருக்கும் அவர் பிரஷ்காரர். ஒரு சாமந்தியின் மகரந்தத்தை பிரஷ்ஷால் தொட்டு இன்னொன்றின் மேல் தடவுவது வேலை. ஆறு வருடம் தடவியதில் ஆயிரத்துச் சொச்சம் கன்று முளைத்து, தேறியது ஒன்று. அதைக் கறுப்புத் துணியால் மூடியே வைத்திருந்தார். விரல் நீளக் கொழுந்து ஒன்று திருட்டுப் போனால் போதும், அடுத்த வருடம் கண்ட தோட்டத்திலும் அதே பூ சிரிக்கும். ஆகவே பெயர் பதிவாகும்வரை அவரையும் மனைவியையும் தவிர யார் கண்ணிலும் அது படக் கூடாது. மனைவி பார்த்தே ஆக வேண்டும். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் குறிப்பெல்லாம் எழுதுவது அவள்தான்.

"என் பேரைத்தானே வைக்கப்போறீங்க?" என்று முதல் வருடமே கேட்டாள்.

"பின்ன யார் பேரை வைப்பேன்?"

அப்போது அது வெறும் விதை. முளைக்காத சரக்குக்கு வாக்குக் கொடுக்க யோசிப்பானேன்?

போன மாதம் முதலாளி தோளில் கை போட்டார். "என் பொண்ணு பேரை வெச்சுடு. அடுத்த வருஷமும் நீ இங்க இருக்கணும்ல?"

"அதைவிடப் பொருத்தமான பேரே கிடையாதுங்க!"

இந்தச் சங்கடத்தை அக்காவிடம் போய்ப் புலம்பினார். அங்கேதான் தப்பு நடந்தது.

"அடேய், உன் தொட்டிங்களுக்கு மாடியை விட்டுட்டு ஆறு வருஷமா துணி காயப்போட இடமில்லாம நிக்கிறேன். என் பேர் எங்கடா?"

"உன் பேர்தான்க்கா! முதலாளிகிட்ட சும்மா சொல்லி வெச்சேன்."

பதிவு அதிகாரி வருவது பத்து மணிக்கு என்று முதலாளியிடமும், பன்னிரண்டுக்கு என்று அக்காவிடமும், மறுநாள் என்று மனைவியிடமும் சொன்னார். அவரவர் நேரத்துக்கு அவரவர் பலகை. பதிவேட்டில் எது ஏறும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதிகாரி பதினொன்றுக்குப் பண்ணைக்கு வந்தார். முதலாளி போகாமல் காத்திருந்தார். அக்கா ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள். அதிகாரியின் பின்னாலேயே மனைவி.

"படிவத்தை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டீங்களே!"

பிரஷ்காரர் பதறிப்போய் பலகைகளைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளினார். மூன்றும் சரிந்து, எழுத்து தெரிய மல்லாந்து விழுந்தன.

"யார் பேருய்யா இதெல்லாம்?" என்றார் முதலாளி.

"டேய்!" என்றாள் அக்கா. மனைவி படிவத்தை அதிகாரியிடம் நீட்டினாள்.

"பேர் கடைசியில. முதல்ல லட்சணம்," என்று அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைப் படித்தார். "குட்டை. முகம் அகலம், சப்பை. கழுத்து நிக்காது, முட்டுக் கொடுக்கணும். தொட்டா நாறும். மத்தியானத்துக்குள்ள வாடிடும். எந்நேரமும் பூச்சி மொய்க்கும்."

பிரஷ்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது போன வருடம் குப்பையில் எறிந்த கன்றின் தாள்! சொல்ல வாயைத் திறந்தார்.

முதலாளி முந்திக்கொண்டார். "வேணாம்யா. என் பொண்ணு என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"சப்பை முகமாம்! யாரைப் பார்த்துடா எழுதினே?" அக்கா தன் பலகையை முழங்காலில் வைத்து உடைத்தாள்.

பிரஷ்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டார். நாறினால் நாறட்டும்.

"என் பேரே இருக்கட்டும்," என்றாள் மனைவி மெல்ல. "பாவம், ஆறு வருஷ உழைப்பு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒருத்தியா!

பெயர் ஏறியது, முத்திரை விழுந்தது. மனைவி துணியை விலக்கினாள்.

உள்ளங்கை அகலப் பூ. செம்பு நிறம். ஒவ்வொரு இதழ் நுனியிலும் ஒரு சொட்டுப் பச்சை. முதலாளி உட்கார இடம் தேடினார். அக்கா உடைந்த பலகையை ஒட்டவைத்துப் பார்த்தாள்.

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்: "நேத்து ஆபீசுக்கு வந்து நீங்க சொன்ன மாதிரியே படிச்சுட்டேம்மா. இப்பவாவது நிஜத் தாளைக் கொடுங்க, ஃபைல்ல வைக்கணும்."