‘இருக்கிறன்’ பட்டன்

"உழவு மெசினில இருந்துகொண்டு எப்பிடியடா நீ வகுப்பிலயும் இருந்தனீ?"

டினோஜா திரையைப் பார்த்துக் கத்தினாள். கூட்டாளி ஒருவன் போட்ட முகப்புத்தகப் படத்தில் அவளுடைய மாணவன் இன்பாஸ் உழவு மெசினில் இருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அதே நேரம் அவன் பாடக் காணொளி முழுவதையும் பார்த்து முடித்ததாகப் பல்கலைக்கழகக் கணினி சொன்னது.

பல்கலைக்கழகத்துக்கு இணையவழிப் பாடங்களை வடிவமைப்பது டினோஜாவின் வேலை. மன்னாரில் வீட்டிலிருந்தே செய்கிறாள். பெரியமடு இளைஞருக்கான சிறுதொழில் பாடம்தான் அவளுடைய முதல் பாடம். பிள்ளைகள் உண்மையாகவே படிக்கிறார்கள் என்று காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பாடமும் போச்சு, வேலையும் போச்சு.

"காணொளியை ஓடவிட்டிட்டு வயலுக்குப் போகினம். ஆருக்கு விளையாட்டுக் காட்டினம்? நான் விடமாட்டன்!"

"சாப்பிட்டிட்டு விடாமல் இரும்," என்றான் கணவன் றொசாந்தன். நெல் ஏற்றும் லொறிக்காரன் அவன். பெரியமடுப் பக்கம் நாளாந்தம் போய்வருபவன்.

சாப்பாடு ஆறிப்போனது. டினோஜா ஒரு பட்டன் செய்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் திரையில் ‘இருக்கிறன்’ என்று வரும். அமத்தாவிட்டால் பாடம் திரும்ப முதலில் இருந்து தொடங்கும்.

அடுத்த நாள் மாணவி இன்ஷிரா அழாக்குறையாகப் போன் எடுத்தாள். "மிஸ், தண்ணி குடிச்சிட்டு வந்தா வணக்கத்தில இருந்து தொடங்குது! நாலுதரம் வணக்கம் கேட்டிட்டன்!"

ஒழுங்காகப் பார்த்த பிள்ளைகள்தான் மாட்டுப்பட்டார்கள். இன்பாஸ் ஒரு பட்டனையும் தவறவிடவில்லை. கொஞ்ச நாளில் இன்ஷிராவும் தவறவிடவில்லை. பிறகு ஒருவருமே தவறவிடவில்லை. டினோஜாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

பல்கலைக்கழகப் பணிப்பாளருக்கோ சந்தோசத்தில் ஒரே புளுகம். "நல்ல பட்டன் பிள்ளை! எங்கட ஊழியர் பயிற்சிக்கும் அதையே போட்டாச்சு. ‘இணையக் கல்வியில் நேர்மை’ எண்டு பாடம். எல்லாரும் கட்டாயம் செய்யோணும். நீரும்தான்."

"ஐயோ கடவுளே, எனக்கு எங்க நேரம்?" என்று அவள் தலையில் கை வைத்தாள்.

"கந்தோரில வேலைக்குத் தந்த போனை இஞ்ச தாரும். அதை நான் பாக்கிறன்," என்றான் றொசாந்தன்.

"நீங்கள் இருந்து பாப்பீங்களோ?"

"முடிஞ்சாச் சரிதானே?"

கொடுத்துவிட்டாள். ஒரு தலையிடி குறைந்தது. அந்த உற்சாகத்தில், பட்டனை அமத்தும்போது அமத்துபவரின் முகத்தைப் படம் பிடிக்கும்படி தன் பாடத்தை மாற்றினாள்.

"இனி எங்க ஒளிப்பினம் எண்டு பாப்பம்!"

மறுநாள் வேலையைப் பார்க்க வீட்டுக்கு வந்த பணிப்பாளரும் அவளும் ஒன்றாகத்தான் அந்தப் படங்களைத் திறந்தார்கள். இன்பாஸின் இடத்தில் முக்காடும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு வயதான அம்மா. இன்ஷிராவின் இடத்திலும் அதே அம்மா. நிப்ராஸின் இடத்தில் அந்த அம்மாவே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உம்மட பாடத்தை மொத்தமா ஒராள்தானே படிக்கிறா?" என்றார் பணிப்பாளர்.

டினோஜாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. "சேர், கையும் களவுமாப் பிடிச்சுக் காட்டுறன். நீங்களும் வாங்கோ!"

றொசாந்தன்தான் வாசலில் நின்று தடுமாறினான். "பெரியமடுவுக்கோ? இந்த வெயிலுக்கையோ? வேண்டாமப்பா..."

"இண்டைக்கு ஒருதரும் என்னை மறிக்கேலாது!"

வான் வண்டியில் போகும்போது பணிப்பாளர் சொன்னார்: "நேர்மைப் பயிற்சியை முதலாவதா முடிச்ச ஆள் நீர்தான். ஒரு பட்டனும் தவறேல்லை. அதாலதான் உம்மை நம்பி வாறன்."

என்ர மனுசன் சொன்னதைச் செய்திருக்கிறாரே என்று டினோஜா உள்ளுக்குள் பூரித்துப்போனாள்.

பெரியமடுவில் விசாரித்துப் போய்ச் சேர்ந்த இடம் ஹவ்வா உம்மாவின் தேத்தண்ணிக் கடை. மேசை முழுக்க பிஸ்கட் ரின்களில் சாய்த்து வைத்த போன்கள். படத்தில் பார்த்த அதே அம்மா ரொட்டி புரட்டுவதுபோல வரிசையாக அமத்திக்கொண்டு போனார்.

"என்ன உம்மா இது?"

"புள்ளையள் வயலுக்குப் போகுதுகள், மகள். சிக்னல் இஞ்ச மட்டும்தான். பாவங்கள். நான் சும்மாதானே இருக்கிறன்."

"இது களவு, உம்மா! படிக்காமலே படிச்சதாக் காட்டுறது பச்சைக் களவு! சேர், ஒண்டும் விடாமல் எல்லாப் போனையும் எடுங்கோ!"

பணிப்பாளர் போன்களைப் பொறுக்கத் தொடங்கினார். ஹவ்வா உம்மா பெருமூச்சு விட்டு, மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அப்ப இதையும் புடிங்கோ, சேர். லொறிக்கார றொசாந்தன் தம்பி தந்தது. அவர்ட பொஞ்சாதிக்கு என்னவோ நேர்மைப் பாடமாம், அதைத்தான் நான் முதல்ல முடிச்சுக் குடுத்தனான்."