மாப்பிள்ளை கேட்ட பிராப்பர்ட்டி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். ரத்தக் கொதிப்பும் என்னோடு நலமாக இருக்கிறது. நீங்களும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும், ரத்தக் கொதிப்பு மட்டும் வேண்டாம்.

"எதையும் தொட்டுடாதீங்க மாமா" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன கம்ப்யூட்டரைத் தொட்டேன். ஜெயித்தும்விட்டேன்.

ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான்களைக் காக்கும் என் கவுண்டருக்கு நீங்கள் எழுதித் தந்த புரோகிராம் எல்லாவற்றையும் தேதிவாரியாக மட்டுமே அடுக்கும். தொலைத்தவருக்குத் தேதியா ஞாபகம் இருக்கும்? ஒருவர் "பச்சையா இருக்கும் சார்" என்பார், இன்னொரு அம்மா "பயங்கர கனம், அதனாலதான் விட்டுட்டு இறங்கிட்டேன்" என்பார், நான் குடைக் குவியலுக்குள் தலையை விட்டுத் தேடுவேன், வெளியே கூட்டம் வாசல்வரை நிற்கும். இதைப் பார்த்த எங்கள் அதிகாரி, கவுண்டரை மூடிவிட்டு என்னைப் பார்சல் குடோனுக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். அங்கே ஜன்னலும் கிடையாது, பேச ஆளும் கிடையாது. பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நிறத்துக்கு ஒரு புரோகிராம், எடைக்கு ஒரு புரோகிராம் என்று தனித்தனியாக எழுத வேண்டாம், "பிராப்பர்ட்டி பேரைக் குடுத்தா போதும் மாமா, மத்ததை அது பாத்துக்கும்" என்றீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து மாப்பிள்ளை வீட்டைக் கேட்கிறாரே என்று பத்திரத்தை எடுத்துத் தலையணை உறைக்குள் ஒளித்து, அதன்மேலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் மகள்தான் போனில் சிரித்துச் சிரித்து விளக்கினாள். "அப்பா, பிராப்பர்ட்டின்னா இங்க சொத்து இல்லப்பா. சாமானோட நிறம், எடை, கிடைச்ச இடம், அதெல்லாம்தான்."

அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இப்போது ஒரே ஒரு கட்டம். அதில் எந்தப் பெயரைத் தட்டினாலும் அதன்படி அத்தனை சாமானும் வரிசைக்கு வந்துவிடும். முதலில் 'நிரம்' என்று தட்டினேன், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தது. பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இப்படித் திருத்தியதில்லை.

முந்தாநாள் அதிகாரியே வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். "வெள்ளையா இருக்கும். லேசா இருக்கும். மேல எதுவும் கேக்காதீங்க" என்றார், பாதி காற்றாக. 'நிறம்' என்று தட்டி வெள்ளைச் சாமான்களை ஒதுக்கினேன். 'எடை' என்று தட்டினேன், லேசானது முதலில் வருமே. முதலில் வந்தது ஒரு டப்பா; உள்ளே பல் செட்டு. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டு, திரும்பி முழு வார்த்தையாகப் பேசினார். "கவுண்டர் இங்கேயே இருக்கட்டும். நீங்களும் இருங்க." உத்தரவிலும் கையெழுத்தாகிவிட்டது.

நீங்கள் இருவரும் எந்தப் பெயரைத் தட்டினாலும் வரிசையில் முதலாக நிற்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டரைத் தொட்ட மாமனார்

பி.கு.: எடையை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்துவிட்டேனாம், மகள் இப்போதுதான் சொன்னாள். அது முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து, ஒன்பதைவிட ஒன்று சின்னது என்று 105 கிராமை 98 கிராமுக்கு முன்னால் நிறுத்திவிட்டதாம். பட்டியலின் கடைசியில் போய்ப் பார்த்தேன். அங்கே இன்னொரு பல் செட்டு இருக்கிறது, டப்பாவில் அதிகாரியின் பெயரோடு. அவரோ "முன்னைவிட இப்ப நல்லா பொருந்துது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கவுண்டரில் ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். உடனே புறப்பட்டு வாருங்கள் மாப்பிள்ளை, வீட்டையே உங்கள் பேருக்கு எழுதிவிடுகிறேன்.