மருந்து பொறுக்கும் வெர்லின்

வெடிமருந்து பொறுக்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் மலையோரத்து ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். பார்த்தால் வேட்டைக்காரர் மாதிரியே இருப்பார். ஆரஞ்சு நிறத் தொப்பி, முழங்காலில் சேறு காய்ந்த கால்சட்டை, கழுத்தில் தொங்கும் தொலைநோக்கி எல்லாம் இருக்கும். வேட்டைக்கறி மட்டும் இருக்காது.

சாதாரண மனிதர் என்ன செய்வார்? கடைக்குப் போய் ஒரு பெட்டி தோட்டா வாங்குவார், மலைக்குப் போவார், மானைச் சுடுவார், ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சாப்பிடுவார். நம்மவரிடம் கடைத் தோட்டா என்று சொல்லிப் பாருங்கள். பாஸ்டர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரி முகம் போகும். பழைய பித்தளைக் கூட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அடியில் கேப்பு வைத்து, உள்ளே மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டை அழுத்தித் தன் தோட்டாவைத் தானே செய்வார். அதில் தப்பில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள். ஒரு மழை நாளில் உட்கார்ந்து வருடத்துக்கு வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். இவருக்கு மட்டும் எந்த மருந்து என்கிற இடத்தில் வண்டி நின்றுவிடும்.

ஏனென்றால் மருந்து ஒன்றா இரண்டா! சட்டென்று எரிவது உண்டு, நிதானமாக எரிவது உண்டு, நிதானமாக எரிந்தாலும் குளிர் வந்தால் சோம்பிப் போவது உண்டு, குளிருக்கு அசையாது ஆனால் குழலுக்குள் கரி அப்புவது உண்டு, மணி மணியாக இருப்பதால் தராசில் சமர்த்தாக விழுவது உண்டு, குச்சி குச்சியாக இருப்பதால் முரண்டு பிடிப்பது உண்டு. எல்லா நல்ல குணமும் சேர்ந்தது ஒன்றும் உண்டு. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அவருக்குப் பிடித்தது அதுதான். கிடைக்காத பொருளில் குறை கண்டுபிடிக்க யாரால் முடியும்?

எங்கள் தெருவில் இந்த இனத்துக்குத் தலைமகன் வெர்லின் ஹாஃப்ஸ்டாட். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தங்கமான மனிதர். சபையில் காணிக்கைத் தட்டு எடுப்பவர். பனியில் யார் வண்டி சிக்கினாலும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடி வருபவர். அவர் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையில் கார் நிற்காது. அது வெளியே பனி மூடிக் கிடக்கும். உள்ளே மருந்துப் புட்டிகள் ஈரம் படாமல், வெயில் படாமல், ராஜபோகமாக வரிசையில் உட்கார்ந்திருக்கும். நடுவில் தராசு. தராசின் முன்னால் வெர்லின், ஒரு கையில் இடுக்கி, மறு கையில் நகவெட்டி.

நகவெட்டி எதற்கு என்கிறீர்களா? ஒரு குச்சி மருந்து போட்டால் எடை கூடுகிறது, எடுத்தால் குறைகிறது. ஆகவே அந்தக் குச்சியை நகவெட்டியால் பாதியாக நறுக்கிப் போட வேண்டும். அவர் மனைவி ஆர்லிஸ் ஒரு நாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏங்க, அந்தத் துணுக்கு கூடிப்போனா என்ன ஆயிரும்?”

“ஆயிரம் கெஜத்துல குண்டு கொஞ்சம் மேல ஏறிரும்.”

“எவ்வளவு?”

“விரல்ல பாதி அகலம்.”

“எல்க் மான் எவ்வளவு உசரம்?”

“என் நெஞ்சு உசரம் வரும்.”

“அந்த அரை விரல் அதுக்குத் தெரியவா போகுது?”

“பேசாத ஆர்லிஸ். உன் மூச்சுக்காத்துக்குத் தராசு ஆடுது.”

ஆர்லிஸ் மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார். கல்யாணமானதிலிருந்து அடக்கிக்கொண்டுதான் இருக்கிறார் என்று தெருவில் பேச்சு.

அப்புறம் குளிர்ச் சோதனை. தோட்டாக்களை ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அடுக்கி, விறைத்ததும் பனிப்பெட்டியில் போட்டுச் சுடுகளத்துக்கு எடுத்துப் போய்ச் சுட்டு, குண்டு எத்தனை வேகத்தில் போகிறது என்று கருவியில் பார்ப்பார். ஃப்ரீசரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. கறி இருந்தால்தானே இடம் அடையும்?

இப்படிச் சுட்டுச் சுட்டு ஒரு நாள் சரியான மருந்தைக் கண்டுபிடித்தும்விடுவார். கண்டுபிடித்த வாரமே துப்பாக்கிக் குழல் தேய்ந்துபோகும். எந்தக் குழலுக்கும் ஆயுள் என்று ஒன்று இருக்கிறதே! புதுக் குழல் வரும். புதுக் குழலுக்குப் பழைய மருந்து ஒத்துவராது. மறுபடி முதலிலிருந்து. ஆர்லிஸின் அண்ணன் ராய்ஸ் ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொன்னார், “மாப்ள, இத்தனை வருசத்துல நீ கொன்னது ரெண்டு துப்பாக்கிதான்.”

இந்த வருடம்தான் சோதனை முற்றியது. எங்கள் மலையின் உள்பகுதியில் பெரிய ஆண் எல்க் மானைச் சுடக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழாமலே கல்லறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வெர்லின் பெயர் விழுந்தது. ஆர்லிஸ் அன்று சமையலறையில் நின்று அழுதார் என்றால் நம்புங்கள். காரணம் இருக்கிறது. வேட்டைக் காலம் முடிந்ததும் எங்கள் சபையின் கீழ்த்தளத்தில் வேட்டைக்கறி விருந்து நடக்கும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வரும். எல்க் கறி, மான் கறி, காட்டுக்கோழி என்று வரிசையாக இருக்க, ஹாஃப்ஸ்டாட் வீட்டிலிருந்து மட்டும் வருடா வருடம் பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. “ரொம்ப ருசி ஆர்லிஸ்” என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கனிவைத்தான் அவரால் தாங்க முடியாது. இந்த வருடம் தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் எல்க் கறி வரும் என்று பாஸ்டர் மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பெரிய பாத்திரம் ஒன்றும் இரவல் வாங்கியாயிற்று.

வேட்டைக் காலம் தொடங்கியது. எல்லோரும் மலைக்குப் போனார்கள். வெர்லின் சுடுகளத்துக்குப் போனார். முதல் வாரம் புதுக் குழலைப் பழக்கினார். அடுத்த வாரம் புட்டி காலியானது. அதே மருந்தில் புதுப் புட்டி வாங்கினால், அது வேறு தடவை காய்ச்சியதாம், குணம் ஒரு மயிரிழை மாறியிருக்குமாம். மறுபடி தராசு, மறுபடி நகவெட்டி. காலம் முடிய ஒரே நாள் இருக்கும்போது ராய்ஸ் வீட்டுக்குள் வந்து சத்தம் போட்டார்.

“மாப்ள, எல்க்குக்குப் பல்லு விழுந்து தானா செத்துரும். எப்பத்தான் வருவ?”

“மருந்து முடிவாயிருச்சு மச்சான்.”

ராய்ஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். செய்தி ஊரில் பரவியது. ஞாயிற்றுக்கிழமை நன்றி ஜெபத்தில் பாஸ்டர் அதையும் சேர்த்துக்கொண்டார். அன்றுதான் வேட்டைக் காலத்தின் கடைசி நாள். பிரசங்கம் சுருக்கமாக முடிந்தது. பாதி ஆண்கள் கோட்டுக்குள் ஆரஞ்சுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தால் எந்தப் பாஸ்டர்தான் நீட்டுவார்?

சபை வாசலில் ஆர்லிஸ் கணவரின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார். “ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் யோசிக்காதீங்க. சுட்டுட்டு வாங்க.”

ராய்ஸிடம் அந்தப் பகுதிக்கு அனுமதி கிடையாது. துணைக்குத்தான் போனார், வெறுங்கையோடு. மலையில் பனி கெட்டியாக இருந்தது. ஆண்டவர் கருணையைப் பாருங்கள், சரிவில் ஏறிப் படுத்ததுமே பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் ஓர் எல்க். கொம்பு காய்ந்த மரக்கிளை மாதிரி விரிந்திருந்தது. தூரம் வெர்லின் கனவில் கண்ட அதே தூரம். குளிர் அவர் ஃப்ரீசரில் வைத்துப் பார்த்த அதே குளிர். விரல் விசையைத் தொட்டது.

அப்போது பைன் மரங்களிலிருந்து பனி சொட்ட ஆரம்பித்தது. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் திடீரென்று மலையிலிருந்து ஒரு வெப்பக்காற்று இறங்கும். சினூக் என்போம். கண் மூடித் திறப்பதற்குள் போட்ட கோட்டைக் கழற்ற வைக்கும். அது இறங்கிவிட்டது. வெர்லின் விசையிலிருந்து விரலை எடுத்தார்.

“மச்சான், காத்து சூடாயிருச்சு.”

“நல்லதாப் போச்சு, கை விறைக்காது. சுடு.”

“மருந்தும் சூடாயிரும்ல? நான் குளிருக்குத்தானே பாத்து வச்சேன்.”

“அதனால?”

“கொஞ்சம் ஆற வைக்கணும்.”

ராய்ஸ் வாயைத் திறந்தவர் மூடவில்லை. வெர்லின் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முன்னால் இருந்த பனியில் விரலால் குழி தோண்டி, விதை நடுகிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் நட்டு, மேலே பனியை மூடித் தட்டிக் கொடுத்தார்.

எல்க்குக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பனி இளகிப் புல் தெரிந்ததும் மேய்ந்துகொண்டே இந்தப் பக்கம் இறங்கி ஏற ஆரம்பித்தது.

“பாதி தூரம் வந்துருச்சு மாப்ள, இப்ப சுடு.”

“இன்னும் ஆறல.”

“இந்தா, கல்லெறி தூரம்!”

“இந்தத் தூரத்துக்கு நான் கணக்கே போடலையே மச்சான்.”

அது மெல்லுகிற சத்தம் கேட்டது. துப்பாக்கித் தொலைநோக்கியில் கண் வைத்த வெர்லின், “வெறும் ரோமந்தான் தெரியுது. இது தலையா, பின்பக்கமா?” என்றார்.

“கண்ணாடிய விட்டுட்டுக் கண்ணால பாருடா! நம்மளப் பாத்துக்கிட்டு நிக்குது!”

“இவ்வளவு பக்கத்துல சுட்டா நான் பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை?”

ராய்ஸ் கையெடுத்துக் கும்பிட்டார். “மாப்ள, என் தங்கச்சி அந்தப் பாத்திரத்தைத் தேச்சுக் கழுவி வச்சிருக்காடா.”

இந்த ஒரு சொல்தான் தைத்தது. வெர்லினின் முகம் மாறியது. பாவி மனிதர், மனைவியை நேசிக்காமல் இல்லை. பாய்ந்து பனிக்குள் கையை விட்டார். பனி எங்கே இருக்கிறது? சினூக் அதைக் கஞ்சியாக்கியிருந்தது. நட்ட தோட்டாக்கள் கரைந்த தண்ணீரோடு சேர்ந்து சரிவில் உருண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, பித்தளை மின்ன, எல்க்கின் முன்னங்காலடியில் போய் நின்றன. அது குனிந்து ஒன்றை முகர்ந்தது. நிமிர்ந்து வெர்லினைப் பார்த்தது. சரியான மருந்துதான் என்பதுபோல ஒருமுறை தலையை ஆட்டியது என்று ராய்ஸ் இன்றும் சத்தியம் செய்கிறார். பிறகு ஒரு தும்மல். பிறகு அது இல்லை. சற்று நேரத்தில் சூரியனும் இல்லை. வேட்டைக் காலம் முடிந்தது.

இறங்கி வரும்போது வெர்லின் தலையைக் குனிந்தே நடந்தார். வருத்தப்படுகிறார் என்று ராய்ஸ் தோளில் கை வைத்தார்.

“ஆற வச்சது சரிதான் மச்சான். சரிவைக் கவனிக்காம விட்டுட்டேன்.”

ராய்ஸ் கையை எடுத்துக்கொண்டார்.

ஆர்லிஸ் கதவைத் திறந்தார். இருவர் கையையும் பார்த்தார். பெரிய பாத்திரத்தைத் துணியில் சுற்றி, உரியவரிடம் கொடுக்க வாசலருகே வைத்துவிட்டு, உருளைக்கிழங்குக் கூடையை மேசைமேல் எடுத்து வைத்தார்.

விருந்து நடந்தது. ஜெபம் முடிந்து எல்லோரும் தட்டோடு உட்கார்ந்தார்கள். எல்க் கறி கொண்டுவந்திருந்த பால்பண்ணைக்காரரிடம் வெர்லின் என்ன மருந்து என்று விசாரித்தார். “தெரியாதுப்பா, கடையில கைக்கு எட்டின பெட்டி” என்றார் அவர். வெர்லின் அவருக்காக மனதார இரக்கப்பட்டு, சூட்டில் மருந்து எப்படிக் கெடுகிறது என்று விளக்கத் தொடங்க, நாலைந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். கேட்கக் கேட்கக் கறி ஆறிப்போனது. அன்று முதலில் காலியானது ஆர்லிஸின் பாத்திரம்தான். அது ஆறுதலா, இல்லையா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் துப்பாக்கியும் இல்லை, தராசும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, எங்கேயாவது ஓர் இடத்தில், அந்த மனிதர் கடைசியில் முடிவு செய்த மருந்து எதுதான் என்று கேட்க உங்கள் நாக்கு துடித்ததா? நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. துடிக்கவில்லை என்றால் பிழைத்தீர்கள். துடித்தது என்றால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய், வீட்டில் இருப்பவரிடம், என்னிடம் நீ கேட்ட காரியம் என்ன என்று விசாரியுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அவர் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருக்கும்.