பாத்திரம் கழுவிய அந்நியர் குறித்து அக்காவுக்கு ஒரு விளக்கம்

எப்போதும் என் நன்மையையே நினைக்கிற, நினைத்ததை அந்த நிமிஷமே போன் போட்டுச் சொல்லியும் விடுகிற என் அன்பு அக்காவுக்கு,

தம்பி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிள்ளைகளும் நலம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு மேலே போகத்தான் ஆசை. ஆனால் நான் செவ்வாய்க்கிழமைதோறும் போகிற கூட்டத்தில் அந்த வார்த்தையை அப்படி மொட்டையாகச் சொன்னால் விடமாட்டார்கள், விவரம் கேட்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆகவே விவரம்: தூக்கம் பரவாயில்லை, பசி உண்டு, மாத்திரை விடாமல் போகிறது, வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறேன், நேற்று மாலை மட்டும் காரணமே இல்லாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பிறகு சுவருக்கே அலுத்திருக்கும் என்று எழுந்துவிட்டேன். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறான். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதையும், உன் ரத்த அழுத்தம் ஞாயிற்றுக்கிழமை என் புண்ணியத்தில் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதையும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கே வருகிறேன். நீ காலையில் போன் செய்திருக்கிறாய். முன்பின் தெரியாத ஆண்குரல் எடுத்திருக்கிறது. "அவர் இல்லீங்க, எங்க வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போயிருக்காரு" என்று சொல்லியிருக்கிறது. "நீங்க யாரு?" என்று நீ கேட்க, "நானா? நான் இங்க அவர் வீட்டுப் பாத்திரத்தக் கழுவிட்டு இருக்கேங்க" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குமேல் அந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை என்று பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாய். சின்னவன் வாங்கி, "அப்பா வேற வீட்டுக்குப் போயிட்டாங்க அத்தை, இவரு புதுசு, முட்டை நல்லாப் பொரிக்கிறாரு" என்று நிலைமையைத் தெளிவாக்கியிருக்கிறான். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் போலீசுக்கே போன் செய்திருப்பேன். நீ அவ்வளவு தூரம் போகவில்லை. நான் வந்ததும் மறுபடி போன் செய்து, வருகிற சனிக்கிழமை மாமாவோடு வந்து பிள்ளைகள் இருவரையும் கூட்டிப்போய் உங்கள் ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடுவதாக மட்டும் சொன்னாய். "நீ முதல்ல ஒடம்பத் தேத்து, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். அந்த 'அப்புறம்' எந்த வருஷத்தில் வரும் என்று நீயும் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் எனக்கும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தக் கூட்டம் என்ன என்று சொல்லிவிடுகிறேன், நீ அதைச் சீட்டாட்டக் கூட்டம் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி. பிள்ளைகளின் அம்மா போய்ச் சேர்ந்த துக்கத்தில்தான் நான் இப்படி ஆகிவிட்டேன் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். அதில் பாதிதான் உண்மை. மனச்சோர்வு என்பது சர்க்கரை மாதிரி ஒரு நோய், துக்கம் அதற்குக் கதவைத் திறந்து விட்டது, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தவர், இதே நோயோடு பிள்ளை வளர்க்கிறவர்கள் சிலர் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள், போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். அங்கே டாக்டரும் கிடையாது, சொற்பொழிவும் கிடையாது. கூட்டத்தை நடத்துகிற தையல்காரம்மாவே இந்த நோயோடு மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, தனக்கு நடந்ததை மட்டும் சொல்லலாம் என்பது அங்கே சட்டம். நீ அங்கே வந்தால் மூச்சு முட்டிப் போவாய் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கூட்டம் நடப்பது ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். முதல் நாள் படியேறிப் போய்விட்டேனே ஒழிய, அறைக்குள் நுழையக் கால் வரவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் இருந்தது, வரும்போது கீழே அது கரகரவென்று ஏதோ சத்தம் போட்டதும் நினைவுக்கு வந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? உள்ளே போவதற்கு முன் இதைச் சரிபார்த்துவிடுவோம் என்று பையைத் திறந்து, சுவிட்ச் பெட்டியைத் திறந்து, மெயினை நிறுத்தினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவிலிருந்து ஓர் அலறல் கேட்டது. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிற தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைத்தது அன்றைக்குத்தான். மெயினைத் திரும்பப் போட்டேன், லிஃப்ட் அசையவில்லை. பழைய லிஃப்ட், பாதி வழியில் நிறுத்தினால் கோபித்துக்கொள்ளும். பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் லிஃப்ட் பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். "பயப்படாதீங்க, இப்ப பிரேக்க விடப் போறேன்" என்று கதவு வழியாகச் சொன்னேன். "ஐயோ, பிரேக்க மட்டும் விட்டுடாதீங்க!" என்று உள்ளேயிருந்து குரல் கதறியது. அந்தக் குரல்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேசிய குரல்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவருக்கு இருக்கிற நோய் பதற்றம். கற்றுக்கொள்கிறவனின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். லிஃப்டின் தரையையும் மிதித்துக்கொண்டுதான் இருந்தாராம். அவரோடு உள்ளே மாட்டியிருந்த தையல்காரம்மா கொஞ்சமும் அசரவில்லை. "வெளிய யாருப்பா, கம்பெனி அனுப்பின ஆளா?" என்றார். "இல்லம்மா, நான் கூட்டத்துக்கு வந்தேன்" என்றேன். "அப்ப நல்லதாப் போச்சு, அங்கயே உக்காரு, ஆரம்பிச்சிடலாம்" என்றார். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். படியில் உட்கார்ந்தேன். உன்னிடமும் சொல்லாத, டாக்டரிடமும் சொல்லாத ஒன்றை அந்த மூடிய கதவிடம் சொன்னேன். காலையில் பிள்ளைகள் தாங்களே பள்ளிக்குக் கிளம்புகிற சத்தம் கேட்கும், நான் போர்வைக்குள் விழித்துக்கொண்டே தூங்குவது போல நடிப்பேன், எழுந்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று. அப்புறம் அந்த மனிதர், "நான் பாத்ரூம்ல போய் குழாயத் திறந்து விட்டுட்டு சும்மா உக்காந்திருப்பேங்க. பொண்ணு கேட்டா குளிக்கிறேன்னு சொல்லுவேன். தலை நனையாமலே வெளிய வருவேன்" என்றார். அவர் மூச்சும் சீரானது, நானும் ஸ்பேனரை எடுத்தேன். பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். அவர் வெளியே வந்து என்னைத் திட்டவில்லை, கட்டிக்கொண்டார். அன்று முதல் அவர் எனக்கு பிரேக் அண்ணன், கூட்டத்திலும் எங்களை ஜோடியாகப் போட்டுவிட்டார்கள். ஜோடி என்றால், முடியாத நாளில் ஒருவர் போன் செய்து "வாங்க" என்று சொல்ல வேண்டும், மற்றவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் கிளம்பிப் போக வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரமே எனக்குச் சரியில்லை. தொட்டியில் பாத்திரம் மலைபோலக் குவிந்து கிடந்தது. சமையலறைப் பக்கம் போகவே பயமாக இருந்தது. சிரிக்காதே. கழுவாத பாத்திரத்தைப் பார்த்து ஒரு ஆம்பிளை பயப்படுவானா என்று நீ கேட்பாய், நானும் என்னையே கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். போன் வந்தது, பிரேக் அண்ணன். "வாங்க" என்றார், குரலே இல்லை. எனக்கே எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் லிஃப்டில் கேட்ட அலறல் ஞாபகம் வந்ததும் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு, போனைக் கட்டிலிலேயே மறந்துவிட்டு, கீழ்வீட்டு அம்மாவிடம் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு (இதை மாமாவிடம் அழுத்திச் சொல்) பெரிய ரோடு வழியாக ஓடினேன். கதவைத் திறந்தது அவருடைய பெண், காலேஜில் படிக்கிறவள். "அப்பா உங்க வீட்டுக்குத்தான் போயிருக்காங்க அங்கிள். உங்க குரல் சரியில்லையாம், தன்னவிட உங்களுக்குத்தான் முடியலன்னு சொல்லிட்டு சந்து வழியா ஓடினாங்க" என்றாள்.

நான் என்ன செய்வேன்? திரும்பிப் போனால் மறுபடி குறுக்கே போய்விடுவோம். அவர்கள் தொட்டியிலும் பாத்திரம் குவிந்து கிடந்தது, அவர் மனைவிக்கு ஞாயிறும் ஆலையில் வேலை. வந்ததுக்கு இதையாவது செய்வோம் என்று குழாயைத் திறந்தேன். அக்கா, நீ நம்பினால் நம்பு, கை தானாக ஓடியது. என் வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் என்னைப் பார்த்து 'நீயெல்லாம் ஒரு அப்பனா' என்று கேட்கும். அவர் வீட்டு டம்ளருக்கு என்மேல் ஒரு புகாரும் இல்லை, வெறும் அழுக்கு டம்ளராக இருந்தது. தேய்த்தேன், துடைத்தேன், அடுப்பையும் துடைத்தேன், பாட்டுகூட வந்துவிட்டது வாயில். நான் கழுவுவதை அவர் பெண் போனில் அவருக்குச் சொல்லியிருக்கிறாள், அங்கே என் வீட்டில் அவருக்கும் அதே கதை. உன் போன் வந்தது அப்போதுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் சமையலறை பளபளவென்று இருக்கிறது, பிள்ளைகள் வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணன் பெருமை தாங்காமல் நிற்கிறார். ஒரு குறைதான். எல்லாவற்றையும் அவர் வீட்டு முறைப்படி அடுக்கி வைத்திருக்கிறார். குக்கர் குண்டைத் தேடித் தேடி, கடைசியில் சர்க்கரை டப்பாவுக்குள் கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமை இதைக் கூட்டத்தில் சொன்னோம். இப்போது ஊரே ஒருவர் வீட்டில் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறது, யார் வீட்டு மூடி யார் வீட்டுச் சட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போக வராதே. நீ கெட்டவள் என்று சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து இவர்களுக்குத் தலைவாரி அனுப்பியவள் நீ, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் வெந்நீர் குடி, வேகமாக நட, எதையும் நினைக்காதே என்று நீ போனில் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருகிற கோபத்தில் பாதி அன்புதான், மீதி கோபமேதான். பிள்ளைகளை மாத்திரையாக நினைத்தது என் தப்பு என்று தையல்காரம்மா தன் கதையைச் சொல்லுவார். சரிதான், எனக்கு மருந்தாக வேண்டும் என்று இவர்களைக் கேட்கவில்லை. என் பிள்ளைகள், என் வீட்டில் வளரட்டும் என்று கேட்கிறேன். முடியாத நாள் இன்னும் வரும். வந்தால் 'வாங்க' என்று சொல்ல எனக்கு ஆள் இருக்கிறது. இவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாயானால் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை? நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மாமாவுக்கு என் பணிவான வணக்கம். முட்டிக்கு எண்ணெய் மட்டும் போதாது, டாக்டரைப் பார்க்கச் சொல். (பார், புத்தி சொல்லக் கூடாது என்று இத்தனை நேரம் எழுதிவிட்டு!) நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். உன் ஆசீர்வாதம் எப்போதும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உன் சொல் பேச்சுக் கேட்காத ஒரே தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். எழுத்துப் பிழை பார்க்கப் பெரியவளிடம் கொடுத்தேன். பிழையை எல்லாம் திருத்தி முடித்துவிட்டு, "இதெல்லாம் எழுதறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டியாப்பா?" என்றாள். வெள்ளிக்கிழமையோடு பள்ளி லீவாம். லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போக வேண்டுமாம், தம்பியிடமும் பேசி முடித்துவிட்டாளாம். "ஏம்மா, இங்க என்ன கொறை?" என்றேன். "கொறை ஒண்ணும் இல்லப்பா. லீவு, அதான்" என்றாள். அக்கா, இவள் போன வருஷம் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகவில்லை. தோழி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்ப் பாதியில் ஓடி வந்தாள். நான் படுத்திருந்தால் கதவோரம் நின்று போர்வை அசைகிறதா என்று பார்ப்பாள், பார்த்தது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போவாள். அப்படிப்பட்டவளிடம், "நான் தனியா இருந்துக்குவேனா?" என்று நானே கேட்டுவிட்டேன். "நீ இருந்துக்குவப்பா. முடியலன்னா பிரேக் மாமாவக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன், இது நோய் இல்லை என்று மாமாவிடம் சொல். என்னை விட்டுவிட்டு வெளியூர் போக என் பெண்ணுக்குப் பயம் போய்விட்டது. சனிக்கிழமை சீக்கிரமே வந்துவிடுங்கள், பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். இதை நான் எழுதும்போதே, அவள் பெட்டி மேலே தம்பியை உட்கார வைத்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறாள்.